மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு மருத்துவமனை எவ்வளவு தூரம்?
விழுப்புரம், திண்டிவனம் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் சென்னைப் பேருந்துக்காக நிற்பவர்களில் ஓய்வுபெற்ற படைவீரரை அடையாளம் கண்டுகொள்வது எளிது. நிற்கிற நிலையிலேயே பாதி தெரிந்துவிடும். மீதி, அவர் கையிலுள்ள பிளாஸ்டிக் ஃபைலில் தெரியும். அதற்குள் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணையின் நகல், மருத்துவத் திட்டத்துக்கான இ.சி.எச்.எஸ். கார்டு, ஓரம் மடங்கிய எக்ஸ்ரே, ரப்பர் பேண்ட் போட்ட மருந்துச் சீட்டுகள் இருக்கும். பக்கத்தில் மனைவி, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூட்டு வலி அவருக்கு இருக்கலாம், சர்க்கரை இவருக்கு இருக்கலாம். இருவருக்கும் சேர்த்து அன்றைய பொழுது போய்விடும்.

நம் வட்டாரக் கிராமங்களில் அவர் வீட்டுக்குப் பெயரே ‘மிலிட்டரிக்காரர் வீடு’. வழி கேட்டால் அதை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். ஊருக்கே அடையாளமாக இருக்கும் அந்த வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அவர்கள் போக வேண்டிய மிலிட்டரி ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? விழுப்புரம் மாவட்டத்தில் படையினர் நிலையாகத் தங்கும் கன்டோன்மென்ட் கிடையாது. ராணுவ மருத்துவமனையும் கிடையாது. திண்டிவனத்திலிருந்து பார்த்தால் அருகிலுள்ளது சென்னையில், பரங்கிமலை, நந்தம்பாக்கம் பக்கம் இருக்கும் ராணுவ மருத்துவமனை. அதற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். விழுப்புரத்திலிருந்து இன்னும் நாற்பது கிலோமீட்டர் கூடும். தமிழ்நாட்டில் அடுத்தது நீலகிரி மலைமேல், வெலிங்டனில். அதற்கும் மேற்பட்ட சிகிச்சை என்றால் பெங்களூரிலுள்ள விமானப்படை கமாண்ட் மருத்துவமனை.

ராணுவ மருத்துவமனைகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் படுக்கைகளின் எண்ணிக்கையையும் கருவிகளின் சிறப்பையும் பேசுகிறார்கள். அவை முக்கியமானவைதான். ஆனால் படைவீரரின் குடும்பம் வாழ்வது கன்டோன்மென்ட்டில் இல்லை, கிராமத்தில். அந்தக் கிராமத்திலிருந்து பார்க்கும்போது மருத்துவமனை எப்படித் தெரிகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

செஞ்சிக் கோட்டையின் காய்ச்சல்

படைவீரனின் உடல்நலம் நம் வட்டாரத்துக்குப் புதிய பேச்சு இல்லை. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஓர் இரவுத் தாக்குதலில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றும் வரை பத்து ஆண்டுகள் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. ஒரே நேரத்தில் நூறு ஐரோப்பிய வீரர்களுக்கு மேல் அவர்கள் அங்கே வைத்துக்கொண்டதில்லை. இருந்தும் அந்தப் பத்தாண்டில் 1,200 பேரை இழந்தார்கள் என்று அக்காலப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம் குறிப்பிடுகிறார். அன்றைய கர்நாடிக் பகுதியிலேயே உடம்புக்கு ஒவ்வாத இடம் என்று செஞ்சி பெயரெடுத்திருந்தது. நூறு பேர் தங்கும் இடத்தில் ஆயிரத்து இருநூறு பேர் செத்தார்கள் என்றால், ஆண்டுதோறும் கோட்டைக் காவற்படை முழுவதும் ஒருமுறை அழிந்து, புதிதாக நிரப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்து நிற்கும் அந்தக் கோட்டையின் சுவர்களுக்குள் பீரங்கியைவிடக் காய்ச்சல்தான் அதிக உயிர் குடித்தது.

இதே உண்மையை ஆங்கிலேயர் சென்னையில் முன்பே கண்டிருந்தார்கள். 1664 நவம்பரில், எட்வர்ட் வின்டர் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைமையில் இருந்தபோது, நோயுற்ற கம்பெனிச் சிப்பாய்களைக் கிடத்திப் பார்க்கக் கோட்டைக்குள் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். 1690இல் எலிஹு யேல் காலத்தில் அதற்குப் புதிய கட்டடம் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர்களுக்குப் பின் கோட்டையை விட்டு வெளியே வந்து, 1772இல் இன்றைய இடத்தில் நிலைபெற்றது. 1842இல் இந்தியர்களுக்கும் கதவு திறந்தது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் கதை இதுதான். விழுப்புரத்திலிருந்து ரயிலேறி ‘பெரியாஸ்பத்திரி’க்குப் போகும் ஏழை நோயாளி, அறியாமலே, ஒரு சிப்பாய் ஆஸ்பத்திரியின் வாரிசாகப் போய்ப் படுக்கிறார்.

இந்த வரலாற்றிலிருந்து இன்னும் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ள வேண்டும். 1863இல் வெளிவந்த பிரிட்டிஷ் அரச ஆணையத்தின் அறிக்கை, இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறப்பதாகக் கணக்கிட்டது. அந்த ஆணையத்துக்காக இந்தியாவின் ராணுவ நிலையங்களிலிருந்து வந்த விவரங்களை ஆராய்ந்து எழுதியவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். அவர் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. ஆனாலும் சாக்கடையும் குடிநீரும் நெரிசலான பாரக்குகளும் சிப்பாயைக் கொல்கின்றன என்பதை எண்களைக்கொண்டு காட்டினார். இரண்டாவது, மலேரியா. சென்னை மாகாணப் பணியில் சேர்ந்த ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ், செகந்திராபாத்தில் பணியாற்றியபோது 1897 ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். சிப்பாயின் உடம்பைக் காக்கத் தொடங்கிய வேலை, எல்லா மக்களின் உடம்பையும் காக்கும் அறிவாக வளர்ந்தது. ராணுவ மருத்துவமும் பொது மருத்துவமும் தொடக்கத்திலிருந்தே ஒன்றுக்கொன்று கடன்பட்டவை. இந்தக் கடனைக் கட்டுரையின் முடிவு வரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

காயம்பட்ட இடத்திலிருந்து கட்டில் வரை

இன்றைய ராணுவ மருத்துவப் பிரிவு 1943 ஏப்ரல் 3 அன்று உருவானது. இந்திய மருத்துவப் பணி, இந்திய மருத்துவத் துறை, இந்திய மருத்துவமனைப் பிரிவு ஆகிய மூன்றையும் இணைத்து இதை அமைத்தார்கள். எல்லோரும் நோயின்றி இருக்கட்டும் என்னும் பொருள்படும் சமஸ்கிருதத் தொடர் இதன் முழக்கம். ராணுவச் செவிலியர் பணி இதைவிடப் பழையது. 1888இல் பத்துச் செவிலியர் கப்பலில் பம்பாய் வந்து இறங்கியதிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. படை மருத்துவர்களை உருவாக்கும் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி 1948இல் வந்தது.

இந்த அமைப்பின் சிறப்பு அதன் தொடர்ச்சியில் இருக்கிறது. எல்லையில் ஒரு வீரர் காயம்பட்டால், முதலில் பக்கத்திலுள்ள தோழனே ரத்தத்தைக் கட்டுகிறான். அடுத்து பட்டாலியனின் மருத்துவ அதிகாரி பார்க்கிறார். அங்கிருந்து ஃபீல்ட் ஆஸ்பத்திரி, பிறகு ஜெனரல் ஆஸ்பத்திரி அல்லது பேஸ் ஆஸ்பத்திரி, தேவைப்பட்டால் கமாண்ட் ஆஸ்பத்திரி, முடிவில் டெல்லியிலுள்ள ராணுவ மருத்துவமனை. ஒவ்வொரு படியிலும் அந்தப் படிக்குரிய சிகிச்சையை மட்டும் செய்து, நோயாளியை அடுத்த படிக்குக் கைமாற்றி அனுப்புகிறார்கள். 1999 கார்கில் போரில் 527 பேர் உயிரிழந்தார்கள், 1,363 பேர் காயமடைந்தார்கள். அந்த 1,363 பேரின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்தச் சங்கிலி எவ்வளவு விரைவாக நகர்ந்தது என்பதைப் பொறுத்தே அமைந்தது.

கை கால் இழந்தவர்களுக்குப் புனேயில் 1944இல் தொடங்கிய செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்குப் புனேயை அடுத்த கட்கியில் 1974 முதல் மறுவாழ்வு மையம் இயங்குகிறது. ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் கற்றுத்தரும், இன்று அதே கட்கியில் இருக்கும் குயின் மேரி தொழிற்கூடம் 1917இல், முதல் உலகப் போரின் நடுவிலேயே, ஏற்பட்டுவிட்டது. அந்தப் போரில் காயமடைந்த இந்தியச் சிப்பாய்களை இங்கிலாந்தின் பிரைட்டன் நகர அரண்மனையில் வைத்துச் சிகிச்சை அளித்தபோது, அவரவர் மத, சாதி வழக்கப்படி சமைக்க ஒன்பது சமையலறைகள் அமைத்தார்கள். அந்நிய அரசாக இருந்தாலும், சிப்பாய்க்கு மருந்து மட்டும் போதாது, அவன் வந்த வீட்டின் பழக்கமும் மருத்துவத்தில் அடங்கும் என்பது அதற்குப் புரிந்திருந்தது.

இவ்வளவு நேர்த்தியான சங்கிலி ஓர் இடத்தில் தளர்கிறது. சிகிச்சை முடிந்தவர் இரும்புப் பெட்டியோடு விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கும் இடம் அது. அதுவரை ஒவ்வொரு படியிலும் அவரை வாங்கிக்கொள்ள அடுத்த கை இருந்தது. இங்கே இறங்கியபின் தன்னைத்தானே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

மனைவி இருக்கும் இடம்

பணியிலிருக்கும் வீரரின் மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் தாய் தந்தை ஆகியோருக்கு ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை பெற உரிமை உண்டு. குடும்பத்தோடு தங்கும் நிலையத்தில் கணவர் பணியாற்றினால் இது பெரிய ஆறுதல். பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி, பல், கண் என்று எல்லாமே ஒரே வளாகத்தில் நடக்கும். அந்த ஆண்டுகளை மிலிட்டரிக்காரர் மனைவிமார் பிற்காலத்திலும் நிறைவோடு சொல்வார்கள்.

ஆனால் சேவைக்காலம் முழுவதும் அப்படி அமைவதில்லை. காஷ்மீரிலோ வடகிழக்கிலோ சியாச்சின் போன்ற பனிமுகட்டிலோ கணவர் இருக்கும்போது மனைவி மேல்மலையனூரிலோ மரக்காணத்திலோ வானூரிலோ மாமியார் வீட்டில் இருப்பார். அவருடைய உரிமை சென்னையில் இருக்கிறது, வயிற்றுவலியோ வீட்டில் இருக்கிறது. எனவே பிரசவம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கிறது. மாமனாருக்கு நெஞ்சுவலி என்றால் 108 வண்டி திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஓடுகிறது. எல்லையிலிருந்து ஃபோனில் பேசும் கணவரால் ‘பார்த்துக்கோ’ என்று சொல்ல மட்டுமே முடிகிறது.

வீட்டில் நோய் என்ற செய்தி எல்லையில் நிற்பவரின் தூக்கத்தைக் கெடுக்கும். வீட்டார் நல்ல கவனிப்பில் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அவர் மன உறுதியின் ஒரு பகுதி. ஆகவே குடும்பத்துக்குத் தரும் சிகிச்சையைச் சலுகைக் கணக்கில் எழுதுவது தவறு. அது படைப் பராமரிப்பிலேயே சேர வேண்டிய செலவு.

முப்பத்தெட்டு வயதில் ஓய்வு

ஒரு சாதாரண ஜவான் பென்ஷன் பெற 15 ஆண்டு சேவை வேண்டும். பதவி உயர்வைப் பொறுத்துச் சேவை நீளும் என்றாலும், பெரும்பாலோர் முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு முப்பது, நாற்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. முழங்காலும் முதுகும் தேய்வது, பீரங்கிச் சத்தத்தில் காது மங்குவது, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று உடம்பு தன் கணக்கைக் கேட்கத் தொடங்குவது இந்த ஆண்டுகளில்தான். மருத்துவம் அதிகமாகத் தேவைப்படும் காலத்தில் அவர் ராணுவ மருத்துவமனையிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறார்.

இந்த இடைவெளியை நிரப்ப 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம். எல்லோரும் சொல்வது இ.சி.எச்.எஸ். அதற்கு முன்பு ஓய்வுபெற்றவர்கள் ராணுவ மருத்துவமனையில் இடம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலையே பெரிதும் இருந்தது. புதிய திட்டம் பாலிகிளினிக் எனப்படும் 227 வெளிநோயாளி மையங்களோடு தொடங்கியது. 2010இல் மேலும் 199 சேர்க்க ஒப்புதல் கிடைத்தது. இன்று ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதன் நிழலில் இருக்கிறார்கள். 2017 டிசம்பர் இறுதியில் திருத்தப்பட்ட விகிதப்படி ஹவில்தார் வரையிலானவர்கள் ஒரே தடவை 30,000 ரூபாயும், இளநிலை ஆணை அதிகாரிகளான ஜே.சி.ஓ.க்கள் 67,000 ரூபாயும், அதிகாரிகள் 1,20,000 ரூபாயும் செலுத்த வேண்டும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் கணவன், மனைவி இருவருக்கும் சிகிச்சை. 1996க்கு முன் ஓய்வுபெற்றவர்களும் போரில் கணவரை இழந்த பெண்களும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் என்ற வரம்புக்குள் இருக்கும் பெற்றோரும் சேரலாம்.

இந்தியாவில் இதற்கு இணையான பாதுகாப்புள்ள உழைப்பாளிகள் மிகச் சிலர். இதை மனதாரச் சொல்ல வேண்டும். அதே நேரத்தில் திட்டம் நடக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். உறுப்பினர் பொதுவாக முதலில் பாலிகிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கே மருத்துவர் பார்த்து, தேவை என்றால் ‘ரெஃபரல்’ எழுதித் தருவார். அதை எடுத்துக்கொண்டு ராணுவ மருத்துவமனைக்கோ ஒப்பந்தத்திலுள்ள தனியார் மருத்துவமனைக்கோ போக வேண்டும். மாத்திரைகளை மறுபடி பாலிகிளினிக்கில் வாங்க வேண்டும். மருந்து இருப்பில் இல்லை என்றால் சீட்டில் அப்படி எழுதி வாங்கிக்கொண்டு வேறு வழியில் பெற வேண்டும். கன்டோன்மென்ட்டுக்குப் பக்கத்தில் வாழ்பவருக்கு இது அரை நாள் வேலை. உள்கிராமத்தில் வாழும் வயதானவருக்கு ஒவ்வொரு படியும் ஒரு பேருந்துப் பயணம்.

தலைமைத் தணிக்கை அதிகாரி 2015இல் இந்தத் திட்டத்தைத் தனியாக ஆராய்ந்து அறிக்கை தந்தார். மருந்து வழங்கலிலும் மருத்துவமனைகளின் பில்களைத் தீர்ப்பதிலும் உள்ள குறைகள் அதில் பதிவாகியிருக்கின்றன. பில் தாமதமானால் தனியார் மருத்துவமனை முகம் சுளிக்கும். முகம் சுளிப்பதை நேரில் பார்ப்பவர் டெல்லியிலுள்ள அதிகாரி இல்லை, ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்ட்டரில் நிற்கும் ஹவில்தாரின் மனைவி.

அவசர காலத்துக்கு விதி இளக்கமாகவே இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் எந்த மருத்துவமனையிலும் சேரலாம், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்தால் போதும். இந்த ஒரு விதியை அறியாததால் பிறகு பணம் திரும்பப் பெறத் திண்டாடும் குடும்பங்கள் உண்டு. கார்டு எங்கே இருக்கிறது, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது கணவருக்கு மட்டும் தெரிந்திருந்து, அவரே நினைவிழந்து கிடந்தால் என்ன ஆகும்?

மருத்துவமனை எழுதும் ஒரு வரி

சிகிச்சையைத் தவிர ராணுவ மருத்துவமனை செய்யும் இன்னொரு வேலை பொதுமக்கள் கண்ணில் படுவதில்லை. அது வீரரின் உடம்பைப் பதிவு செய்கிறது. மனநிலை, செவி, கை கால், பொது உடல்திறன், பார்வை என்ற ஐந்து கூறுகளில் ஒவ்வொருவரையும் தரம் பிரிக்கிறார்கள். இந்த ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஷேப்’ என்கிறார்கள். ஓய்வு பெறும்போது மருத்துவக் குழு ஒன்று கடைசியாகப் பரிசோதித்து, குறைபாடு எத்தனை சதவீதம், அது ராணுவச் சேவையால் வந்ததா, சேவையால் அதிகரித்ததா என்று எழுதுகிறது. ஊனமுற்றோர் பென்ஷன் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த ஒரு வரியைப் பொறுத்தது.

இதில் ஒரு பெரிய திருப்பம் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் வந்தது. தரம்வீர் சிங் என்ற சிப்பாய் ஒன்பது ஆண்டு சேவைக்குப் பின் வலிப்பு நோய் காரணமாக வெளியேற்றப்பட்டார். நோய் சேவையோடு தொடர்புடையது இல்லை என்று பென்ஷன் மறுக்கப்பட்டது. சேரும்போது நடந்த பரிசோதனையில் நோய் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை என்றால் அது சேவையின்போது வந்ததாகவே கொள்ள வேண்டும், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் இந்த விதிகளைப் புதிதாக வகுத்திருக்கிறது. ஆகவே இனி ஓய்வு பெறுவோர் எந்த நோய்க்கு எந்த விதி என்பதை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்வது நல்லது. குறை இருந்தால் முறையிட சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மனு எழுதவும் வழிகாட்டவும் கடமைப்பட்டது.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அந்தப் பிளாஸ்டிக் ஃபைலை அவர் ஏன் அவ்வளவு பத்திரமாகப் பிடித்திருந்தார் என்பது இப்போது புரியும். இருபது ஆண்டுக்கு முன் ஒரு ஃபீல்ட் ஆஸ்பத்திரியில் எழுதிய சீட்டு தொலைந்தால் ஒரு குடும்பத்தின் வருமானம் தொலையலாம். படையில் இருக்கும் தம்பிமார்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: சின்னக் காயமானாலும் பதிவு செய்யுங்கள், நகலை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

நிழல் எட்டாதவர்கள்

இ.சி.எச்.எஸ். அடிப்படையில் பென்ஷன்காரர்களின் திட்டம். 15 ஆண்டு முடிக்காமல் பென்ஷனின்றி வெளியேறிய ஜவான்களுக்கு அதில் பொதுவாக இடமில்லை. 2019இல் இரண்டாம் உலகப் போர் வீரர்களையும் குறுகிய கால அதிகாரிகளையும் சேர்த்துக்கொண்டது நல்ல முன்னேற்றம்.

புதிய கேள்வி அக்னிவீரர்களைப் பற்றியது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேருபவர்கள் நான்கு ஆண்டு பணியாற்றுவார்கள். அவர்களில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரப் பணிக்குத் தேர்வாவார்கள். பணியில் இருக்கும்வரை ராணுவ மருத்துவமனை அவர்களுக்கு உண்டு. வெளியேறியவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை, இ.சி.எச்.எஸ்.சும் இல்லை. பணியின்போது ஊனம் ஏற்பட்டால் அதன் அளவைப் பொறுத்து ஒரே தடவை இழப்பீட்டுத் தொகை தரப்படும். ஆனால் முதுகில் தொடங்கிய வலியும் பயிற்சியில் பட்ட உள்காயமும் சில ஆண்டு கழித்தே முழு உருவம் காட்டும். நம் மாவட்டத்து மைதானங்களில் விடியலில் ஓடிப் பழகும் பையன்கள் பத்து ஆண்டுக்குப் பின் அந்த வலியோடு வந்தால், மருத்துவ அளவில் அவர்களை யார் ஏற்பார்கள் என்பதற்கு இன்று தெளிவான பதில் இல்லை. சேவையோடு தொடர்புடைய நோய்க்காவது அவர்களுக்கு வாழ்நாள் சிகிச்சை தர வேண்டும் என்பதே நியாயம்.

கடனைத் திருப்பித் தரும் நேரம்

விழுப்புரத்தில் ஒரு ராணுவ மருத்துவமனை கட்ட வேண்டும் என்று கேட்பது எளிது. கன்டோன்மென்ட் இல்லாத மாவட்டத்தில் அது நடக்கக் கூடியது இல்லை. ஆனால் நம் பகுதியில் நல்ல பொது மருத்துவமனைகள் இருக்கின்றன. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், கோரிமேட்டில், மத்திய அரசின் ஜிப்மர் இருக்கிறது. அதன் வேர் 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி வரை போகிறது. சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் செயற்கைக் கை கால்களைப் பொருத்துகிறது. திண்டிவனத்துக்கு வடக்கே, அதே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தொடங்கியது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் அந்தத் திட்டம், காயம்பட்டவருக்கு முதல் மணி நேரமே முக்கியம் என்ற பாடத்தின்மேல் நிற்கிறது. அந்தப் பாடத்தை உலகம் கற்றதில் போர்க்கள மருத்துவத்துக்குப் பெரிய பங்குண்டு.

சிப்பாய்க்காகப் பிறந்த மருத்துவமனை பிறகு ஊருக்கெல்லாம் பொதுவானது என்பதைச் சென்னையின் வரலாற்றில் பார்த்தோம். இப்போது பொது மருத்துவமனை சிப்பாயின் குடும்பத்தைத் தன்னுடையதாக ஏற்க வேண்டும். அதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை, நான்கு ஏற்பாடுகள் போதும்.

முதலாவது, முண்டியம்பாக்கம் மருத்துவமனையிலும் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும் முன்னாள் படைவீரர் உதவி மேசை ஒன்று. ஓய்வுபெற்ற ஒரு நர்சிங் அசிஸ்டென்ட் அங்கே உட்கார்ந்தால் போதும். கார்டைப் பார்த்து, பாலிகிளினிக்குக்குத் தகவல் அனுப்பி, 48 மணி நேர விதியை அவரே நிறைவேற்றிவிடுவார்.

இரண்டாவது, மாத்திரைகள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் தமிழ்நாட்டில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அதே வீதியில் இருக்கும் மிலிட்டரிக்காரர் அதே மாத்திரைக்காகப் பேருந்து ஏறுவது தேவையற்ற அலைச்சல். நாட்பட்ட நோய்களுக்கு மூன்று மாத மருந்தை மொத்தமாகத் தருவதும், இ.சி.எச்.எஸ். திட்டத்திலேயே இடமுள்ள நடமாடும் கிளினிக்கை செஞ்சி, மேல்மலையனூர், மரக்காணம் பக்கம் குறித்த நாளில் அனுப்புவதும் இந்த அலைச்சலை முடித்துவைக்கும்.

மூன்றாவது, தொலைவழி மருத்துவம். 2021 மே மாதத்தில் பாதுகாப்பு அமைச்சகம் ‘சேஹத்’ என்ற இணையவழி ஆலோசனையைத் தொடங்கியது. படை மருத்துவரை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் தமிழில் பேசும் மருத்துவர் மறுமுனையில் இருந்தால்தான் ஹிந்தி அறியாத வயதான தாய்க்கு அது பயன்படும். அந்த ஏற்பாடு வேண்டும்.

நான்காவது, மனைவிக்குப் பயிற்சி. கொடிநாளன்று டிசம்பர் 7ஆம் தேதி உண்டியல் குலுக்குவதோடு நம் கடமை முடிவதில்லை. அந்த வாரத்தில் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கூட்டம் போட்டு, கார்டு, ரெஃபரல், அவசரத் தகவல், குடும்ப பென்ஷன் ஆகிய நான்கையும் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஃபைலைச் சுமப்பவர் பெரும்பாலும் கணவர். முடிவில் அதைத் திறந்து படிக்க வேண்டியவர் மனைவி.

செஞ்சியில் 1,200 பேரை இழந்த காலத்தில் காய்ச்சலுக்குக் காரணம் யாருக்கும் தெரியாது. இன்று நோயும் தெரியும், மருந்தும் தெரியும், உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. மிச்சம் இருப்பது நூறு கிலோமீட்டர் தூரம் மட்டுமே. அதைக் கடக்கும் பொறுப்பை எழுபது வயது ஹவில்தாரின் கால்களில் சுமத்தாமல், மாவட்ட நிர்வாகமும் ராணுவ மருத்துவத் துறையும் சேர்ந்து ஏற்க வேண்டும். உங்கள் தெருவிலும் ஒரு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது உள்ளே போய் ஒரு வார்த்தை கேளுங்கள்: “கார்டு எங்க வெச்சிருக்கீங்க, அவசரம்னா யாருக்குச் சொல்லணும்னு வீட்டுல தெரியுமா?”